இலை மட்டும் காய்த்த கத்தரி

வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் நின்று என் கத்தரிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படிக்குள் நின்று, கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தேன்.

மார்கழி மாதம். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கும், ஈர மண்ணுக்கும், பக்கத்து வீட்டு மிளகுக் கொடிக்கும் சேர்த்து ஒரு வாசம் வரும் பாருங்கள், அந்த வாசம் அடுப்படி வரைக்கும் வந்தது.

"அக்கே! வெளிய வாங்க! நம்ம தங்கச்சி இத பாக்கத்தான் வந்திருக்கு!"

கூப்பிட்டது பக்கத்து வீட்டு மல்லிகா. சிங்களப் பெண். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் பழகியவள். பல்லேபொலயிலிருந்து வந்த தன் தங்கையையும் தங்கை புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து, ஏதோ கோவில் தேரைக் காட்டுவது போல என் செடிகளைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பொதுவாகவே ஆள் வந்தால் உள்ளே போய்விடுகிற சுபாவம் எனக்கு. போன வாரம் இதே பக்கத்தில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதினேனே, அன்றைக்கே மாலை மாற்றியதும் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவள் நான். ஆனால் அன்று நான் ஒளிந்ததற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை.

செடிகள் என் தோள் உயரம் இருந்தன. தண்டு என் கட்டைவிரலை விடப் பருமன். இலை ஒவ்வொன்றிலும் சோறு போட்டுச் சாப்பிடலாம். பச்சை என்றால் சாதாரணப் பச்சை இல்லை, கறுப்பில் முக்கி எடுத்த பச்சை.

அவ்வளவு செடியிலும் ஒரு பூ கிடையாது.

மல்லிகாவின் தங்கை, குழந்தையின் சட்டையைத் தூக்கிக் கரப்பான் இருக்கிறதா என்று பார்ப்பது போல, ஒரு இலையைத் தூக்கி அடியில் பார்த்தாள். பிறகு அடுத்த இலை. பிறகு சிங்களத்தில் மெதுவாகக் கேட்டாள், "காய் எங்கே?"

சிங்களம் எனக்கு நன்றாக விளங்கும். விளங்காமலிருந்தால் அன்றைக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பின்னால் மருமகள் தேவி வந்து நின்றாள். "மாமி, போதும். சட்டி தேஞ்சிரும்."

ஆட்டோவும் நானும் கேட்ட இடம்

இந்தக் கத்தரிக்காய்க்கு ஏன் இவ்வளவு பயந்தேன் என்று சொல்ல வேண்டும்.

மாத்தளை டவுனுக்கு வெளியே, மகன் ரவி கட்டிய வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு ஆட்டோ வந்து திரும்புகிற அளவுக்கு வெறும் நிலம். "ஒரு ஆட்டோ" என்று சும்மா சொல்லவில்லை. ரவி ஓட்டுவது ஆட்டோதான். சீகிரியா பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு விடியலில் போவான், பொழுது சாய வருவான். வந்தால் வண்டியை ரோட்டோரம் விட வேண்டும். மழை பெய்தால் சீட்டெல்லாம் ஊறிப் போகும். காலையில் பழைய துணியை வைத்து ஒற்றி ஒற்றி எடுப்பான். அந்தப் பக்க நிலத்தில் ஒரு ஷெட் அடிக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. நியாயமான ஆசை.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நாள் கயிற்றைக் கொண்டுவந்து நிலத்தை அளந்தான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களுக்கென்று கட்டிய வரிசை வீட்டில். அந்தச் சுவரும் எங்களுடையதில்லை, கூரையும் இல்லை, வாசலில் கிடந்த மண்ணும் இல்லை. ஆயுசு முழுக்க மண்ணோடுதான் கிடந்தேன். ஆனால் இந்த இடத்தில் இதை நடு, அதைப் பிடுங்கு என்று நானாகச் சொல்ல ஒரு முழம் மண் இருந்ததில்லை.

எப்படி வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை.

"ரவி, அதுல நான் ரெண்டு கத்தரி வைக்கவா?"

அவன் கயிற்றைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தான். அம்மா ஒன்றைக் கேட்டு அவன் பார்த்ததே இல்லை.

தேவிதான் இடையில் வந்தாள். அவள் வாய் எப்போதும் ஒரு படி முன்னால் நிற்கும். "ஒரு பந்தயம் வைப்போம். தைப்பொங்கலுக்கு மாமியோட பாத்தியிலேர்ந்து ஒரு சட்டிக் குழம்புக்குக் காய் வந்துச்சுன்னா, எடம் மாமிக்கு. வரலன்னா ஷெட்டு. சரியா?"

"சரி," என்றான் ரவி.

"சரி," என்றேன் நானும். பிறகு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

கடைக்காரர் சொன்னதும் என் கை சொன்னதும்

கத்தரி நாற்று மல்லிகா கொடுத்தாள், ஊதா நிறத்தில் நீளமாகக் காய்க்கிற இனம். ஒரு ஓரத்தில் கொச்சிக்காயும் வைத்தேன். கொச்சிக்காய் என்று நாங்கள் சொல்வது பச்சை மிளகாயைத்தான். உரத்துக்கு ரவியோடு டவுனுக்குப் போனேன்.

உரக்கடைக்காரர் நல்ல மனுஷன். என்ன செடி, எத்தனை செடி என்றெல்லாம் விசாரித்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார். "நட்டதும் யூரியா வேணாம்மா. வேர் பிடிச்ச பொறகு ஒரு செடிக்கு ஒரு தேக்கரண்டி. தண்டுகிட்டப் போடாதீங்க, ஒரு சாண் தள்ளிச் சுத்திப் போட்டு மண்ணால மூடுங்க. அப்புறம் ஒரு மாசம் அந்தப் பக்கமே போகாதீங்க."

நான் தலையைத் தலையை ஆட்டினேன். மனசுக்குள் என்ன நினைத்தேன் தெரியுமா? உரம் விற்கிறவனுக்கே உரம் போட மனசு வரவில்லையே, என்ன கஞ்சத்தனம் என்று நினைத்தேன்.

ஏனென்றால் உரம் போடுவது எனக்குத் தெரியும். அதுதான் வினையே.

தோட்டத்தில் உரம் போடுகிற நாளில் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு, இடுப்பில் உரப்பையைக் கட்டிக்கொண்டு மலை ஏறுவோம். ஒரு செடிக்கு ஒரு பிடி. நின்று யோசிக்க நேரமில்லை. கால் நடக்க நடக்கக் கை பைக்குள் போகும், வரும், வீசும். கங்காணி கீழேயிருந்து கத்துவார், "ஏய், கோழிக்குத் தீனியா போடுற? நல்லா அள்ளிப் போடு!" இன்னொரு நாள் வேறு மாதிரிக் கத்துவார், "உங்கப்பன் வீட்டு உரமா? பாத்துப் போடு!" இரண்டுக்கும் நடுவில் எங்கள் கை ஒரு அளவைப் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு அள்ளினாலும் அதே பிடிதான் வரும். அதில் எனக்கு ஒரு பெருமை. பேச்சு வராதவளுக்குக் கைதான் பெருமை.

அந்தக் கையோடுதான் பாத்திக்குள் இறங்கினேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. நாட்டில் உரமே கிடைக்காத ஒரு காலம் வந்ததே, எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். அப்போது கலேவெலப் பக்கம் வயல் வைத்திருந்த எங்கள் உறவுக்காரர் ஒருவர் மஞ்சளாய் நின்ற நெல்லைக் காட்டினார். அதைப் பார்த்த பிறகு உரம் என்றால் எனக்கு ஒரு வெறி. வெறும் யூரியாப் பை மடித்துக் கிடந்தால்கூட உதறிப் பார்ப்பேன். இப்போது முழுப் பை கையில் இருக்கிறது. தேக்கரண்டியாம், தேக்கரண்டி!

கொச்சிக்காய் போன வழி

முதலில் கொச்சிக்காய்க்கு ஒரு பிடி வைத்தேன். செடிக்குச் செடி, தேயிலைக்கு வீசுகிற அதே பிடி, தண்டோடு ஒட்டி.

இரண்டொரு நாளில் இலையின் ஓரமெல்லாம் நெருப்பில் காட்டிய காகிதம் மாதிரி சுருண்டது. அப்புறம் தலை தொங்கியது. அப்புறம் குச்சிதான் நின்றது.

நான் என்ன முடிவுக்கு வந்தேன்? வெயில் என்று முடிவுக்கு வந்தேன். அந்த வாரம் முழுக்க வானம் மூடிக் கிடந்தது. அதைத் தேவி ஞாபகப்படுத்தியபோது, "மூட்டத்து வெயில்தான் பொல்லாதது" என்று சொன்னேன். அப்படி ஒரு வெயில் உண்டா என்று இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

கத்தரிக்கு மட்டும் கொஞ்சம் அடக்கி, அரைப் பிடி போட்டேன். அதுவே எனக்குப் பெரிய சிக்கனம். நல்ல மழை விழுந்து பாதியைக் கழுவிக்கொண்டு போனதால் செடி பிழைத்தது. பிழைத்ததா, கிளம்பியதா என்று சொல்ல வேண்டும். காலையில் பார்த்த செடியைச் சாயந்தரம் பார்த்தால் அடையாளம் தெரியாது. ரவி குளிக்கப் போகிற வழியில் நின்று, "ஏம்மா, இது கத்தரிதானா?" என்று கேட்டான்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த உச்சியோடு அடுத்த வாரமும் அரைப் பிடி போட்டேன். அதற்கடுத்த வாரமும்.

இலையில் எறும்பு ஏறியது. அடியில் பச்சைப் பூச்சி அடை அடையாய் ஒட்டியது. அதையும் நான் நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டேன். இனிப்பாயிருக்கிற இடத்துக்குத்தானே எறும்பு வரும்!

கார்த்திகைத் தீபம் போனது. மல்லிகா வீட்டுக் கத்தரி முழங்கால் உயரம் கூட வராமல், நோஞ்சான் பிள்ளை மாதிரி நின்றுகொண்டு பூத்தது. பிறகு காய்த்தது. நான் வேலியால் எட்டிப் பார்த்து, பாவம், உரம் போட வழியில்லை போல என்று பரிதாபப்பட்டேன்.

வேலியோரம் நடந்த பேச்சு

அந்த மார்கழிக் காலைக்கு வருகிறேன். சட்டியைத் தேவி பிடுங்கி வைத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனேன்.

மல்லிகாவின் தங்கை குனிந்து, வேலிக்குள் கையை விட்டுச் செடியடி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். பாதி கரைந்த வெள்ளை மணி இரண்டு மூன்று அவள் விரலோடு வந்தது. அக்காவுக்கு நீட்டினாள். மல்லிகா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்கே, பொஹொர வெடி!"

உரம் கூடிப்போச்சு என்று அர்த்தம். ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"கொஞ்சந்தான் போட்டேன் மல்லிகா," என்றேன்.

"எவ்வளவு கொஞ்சம்?"

நான் கையை மூடிக் காட்டினேன். வெட்கத்தில் பாதி மூடி, பிறகு மறுபடி திறந்து, நடுவில் எங்கேயோ நிறுத்தினேன்.

"எத்தன தடவ?"

பின்னாலிருந்து தேவி சொன்னாள், "மாமி சோறு திங்கிற நாளெல்லாம் செடியும் தின்னுச்சு."

மல்லிகாவின் தங்கை புருஷன் அதுவரைக்கும் வாய் திறக்காதவர், சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"அக்கே, நீங்க தேயிலைக்குப் போட்ட ஆளுதானே?" என்றாள் மல்லிகா. "தேயிலைக்கு இல வேணும். பூத்தாதான் கரச்சல். இதுக்கு பூ வேணும். யூரியா கூடினா இலதான் வரும், பூ வராது. நீங்க இவ்வளவு நாளா கத்தரியில கொழுந்து வளத்திருக்கீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் கையைப் பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கை இலைக்காகவே வேலை செய்திருக்கிறது. காய் என்று ஒன்று அதற்குத் தெரியவே தெரியாது. எனக்கென்று ஒரு துண்டு மண் கிடைத்தும், அதிலும் பழைய வேலையைத்தான் செய்திருக்கிறது.

"இப்ப என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாதீங்க. அதான் மருந்து. மழ கழுவட்டும். பூச்சி இலய ஒடிச்சுப் போடுங்க. அடுப்புச் சாம்பல் கொஞ்சம் தூவலாம்."

அவர்கள் போனதும் நான் சாம்பல் அள்ளப் போனேன். கூடை நிறைய அள்ளிக்கொண்டு வந்தவளைத் தேவி வாசலிலேயே மறித்தாள்.

"மாமி, கொஞ்சம்னு சொன்னாங்க."

"இது கொஞ்சந்தானே?"

கூடையை வாங்கி, ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பாதி எடுத்துக் கையில் கொடுத்தாள். மீதி உரப்பையையும் அன்றைக்கே எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டாள். எங்கே என்று கேட்டால், "குடிகாரன்கிட்ட போத்தல் வச்ச எடத்த சொல்லுவாங்களா?" என்கிறாள்.

பொங்கல் காலை

ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மார்கழியில்தான் தெரிந்தது. காலையில் போய்ச் செடி முன்னால் நிற்பேன். கை அரிக்கும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி வருவேன்.

மழை கழுவியது. கறுப்புப் பச்சை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, செடிக்குச் செடியின் நிறம் வந்தது. பொங்கலுக்கு முன்னால் இலை இடுக்கில் ஊதா மொட்டு கண்ணுக்குப் பட்டது. எண்ணக்கூடாது, கண்பட்டுவிடும் என்று எண்ணவில்லை. ஆனால் மொட்டில் குழம்பு வைக்க முடியாது. பந்தயம் மொட்டுக்கு இல்லை.

பொங்கலுக்கு முந்திய நாள் ரவி சீகிரியா சவாரி போய்விட்டு நேரம் கழித்துத்தான் வந்தான். நான் படுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. ஷெட்டுக்குக் கால் நட எங்கே குழி வெட்டுவான், எந்தச் செடி முதலில் போகும் என்று இருட்டிலேயே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்தது. வாசலில் கோலம் போட்டுவிட்டு, கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று பாத்திப் பக்கம் போனேன்.

செடியில் கத்தரிக்காய் தொங்கியது.

ஒன்றில்லை. இந்தச் செடியில், அந்தச் செடியில், எல்லாவற்றிலும். கையெடுத்துக் கும்பிட்டேன், பொய் சொல்லவில்லை. அம்மன் இறங்கி வந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

கிட்டப் போனேன். என் செடி நீள ஊதாக் காய் காய்க்கிற இனம் என்று சொன்னேனே. தொங்கியதெல்லாம் உருண்டை. பச்சையில் வெள்ளைக் கோடு போட்டது. தம்புள்ளைப் பக்கத்துச் சந்தையில் குவித்து வைத்திருப்பார்களே, அந்தக் காய். காம்பைச் சுற்றி நூல். நூலில் போட்டிருந்தது, ஆட்டோவில் மழைக்குத் திரை இழுத்துக் கட்டுகிற முடிச்சு.

இத்தனை வருஷம் கத்தரிக்காய் தின்றிருக்கிறான், நிறம் பார்த்து வாங்கத் தெரியவில்லை.

ரவி ரோட்டோரம் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரவும் மழை. சீட்டைக் கழற்றி வெளியே சாய்த்து வைத்திருந்தான், தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

நான் போய் நின்றேன். அவன் நிமிரவில்லை.

"என்னம்மா, காச்சிருச்சா?"

"காச்சிருச்சு. நல்லா இறுக்கிக் காச்சிருக்கு. கையால அவுக்க முடியல, கத்தரிக்கோல் கொண்டா."

துணியைப் பிழிகிறவன் பிழிந்துகொண்டே இருந்தான். காது மட்டும் சிவந்தது.

"தோத்தது தோத்ததுதான்டா," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஷெட்டக் கட்டு. சீட்டு இப்படி ஊறுது, பாக்க முடியல."

"குழம்புக்குக் காய் செடியிலேர்ந்து வரணும்னுதானே பந்தயம்," என்றான் அவன். "செடியில காய் இருக்கு. எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேவி சொல்லலியே."

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்று அடுப்படி ஜன்னலிலிருந்து தேவி கத்தினாள். "நூல் குடுத்ததே நான்தான்! சீக்கிரம் பறிச்சிட்டு வாங்க, குழம்பு வைக்கணும்!"

நான் திரும்பி நடந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தேன், வேர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சை அறுத்து அறுத்துக் காயை மடியில் போட்டேன். மொட்டு ஒன்றுகூட உதிராமல் பார்த்துக் கட்டியிருந்தான். அந்தப் பெரிய முரட்டுக் கை அதை எப்படிச் செய்தது என்று தெரியவில்லை.

குழம்பு தேங்காய்ப் பால் விட்டு நன்றாகத்தான் வந்தது. காய் கொஞ்சம் முற்றல். யாரும் குறை சொல்லவில்லை. நான் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டேன்.

ஆட்டோ இன்னும் ரோட்டோரம்தான் நிற்கிறது. ஷெட் பேச்சை நான் எடுத்தால் அவன் வேறு பேச்சு எடுக்கிறான்.

மாசியில் என் செடி சொந்தமாகக் காய்த்தது. ஊதா நிறத்தில், நீளமாக, ஒரு பக்கம் லேசாக வளைந்து. விடியலிலேயே போய் அதன் முன்னால் நின்றேன். சந்தோஷம்தான். ஆனாலும் பறிப்பதற்கு முன்னால் காம்பைச் சுற்றி விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தேன், நூல் இருக்கிறதா என்று.